காட்டின் பேரேடு

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்து மாலை வேளையில், என் நெடுநாளைய நண்பர் ஒருவர் சற்றே வாடிய முகத்துடன் வீட்டிற்கு வந்து, தம் மூத்த மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தும், மருத்துவமும் வேண்டாம், பொறியியலும் வேண்டாம், மேட்டுப்பாளையத்து வனக் கல்லூரியில்தான் சேருவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்று சொல்லி, "மரம் தானாக முளைக்கிறது, மழை பெய்தால் தானாக வளர்கிறது, வெட்டினால் விறகு, விட்டால் நிழல். இதில் நாலு வருஷம் உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டார். குழந்தைக்கு எதில் நாட்டமோ அதில் விடுவதே நல்லது என்ற பொதுவான அபிப்பிராயத்தை நான் சொன்னேனே தவிர, அவர் கேட்ட கேள்விக்கு நேரான விடை என்னிடம் இல்லை. விடை தெரியாமல் ஒரு தகப்பனாரை அனுப்பிவைத்த குறை என் மனத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அவ்வாறே அங்குச் சேர்ந்து, நான்காம் ஆண்டுக்கும் வந்துவிட்ட பின், சென்ற மார்கழியில் அவளோடு ஒரு பகல் முழுவதும் அக்கல்லூரித் தோட்டங்களிலும் மலையடிவாரத்திலும் சுற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அன்று கண்டவற்றையும், அதன்பின் சிரத்தையோடு படித்தறிந்தவற்றையும் சேர்த்து, அந்தத் தகப்பனாருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து வடக்கே செல்லும் சாலை பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சியைத் தொடும் இடத்தில், நீலகிரி மலை ஒரு நீலச் சுவர்போல் எதிரே எழுந்து நிற்க, பவானி மலையைவிட்டுச் சமவெளியில் இறங்கிப் பரவும் மேட்டுப்பாளையத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் அமைந்திருக்கின்றன. 1985ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் வனவியல் பட்டப் படிப்புத் தொடங்கப்பட்டபோது தோன்றிய கல்லூரிகளுள் இதுவும் ஒன்று. இதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால், அடிவாரத்து முட்புதர்க் காடு, அதற்குமேல் இலையுதிர் காடு, அதற்கும் மேலே மேகம் தங்கும் சோலை, சிகரங்களில் புல்வெளி என்று, புத்தகத்தில் நான்கு அத்தியாயங்களாகப் பிரித்துச் சொல்லப்படும் காட்டு வகைகள் யாவும் ஒரே மலையில் படிப்படியாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

அன்று காலை அவள் என் கையில் ஓர் அளவு நாடாவைக் கொடுத்து, "மாமா, இந்தத் தேக்கு எவ்வளவு பருமன் என்று நீங்களே அளந்து சொல்லுங்கள்" என்றாள். நான் இடுப்பளவில் நாடாவைச் சுற்றி ஓர் எண்ணைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆசிரியர் ஒருவருக்குரிய பொறுமையோடு, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது பழைய கணக்கில் நான்கரை அடியில், மரத்தின் சுற்றளவை எடுப்பதுதான் இந்நாட்டு வழக்கம் என்றும், அது ஏறக்குறைய மனிதனுடைய மார்பு உயரம் என்றும், அடிமரத்தில் வேர்ப்புடைப்பு இருப்பதால் அதற்குக் கீழே எடுக்கும் அளவு பொய்யாகிவிடும் என்றும் சொன்னாள். மரம் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிட வேண்டும். அந்த உயரத்தில் கணுவோ வீக்கமோ இருந்தால் அதற்கு மேலும் கீழும் சம தூரத்தில் இரண்டு அளவெடுத்துச் சராசரி காண வேண்டும். அந்த உயரத்திற்குக் கீழேயே மரம் இரண்டாகக் கவைத்திருந்தால் அது இரண்டு மரமாகவே எழுதப்படும். இத்தனையும் எதற்காக என்று கேட்டேன். "இன்றைக்கு நான் அளப்பதும், இருபது வருஷத்துக்குப் பிறகு வேறு யாரோ அளப்பதும் ஒரே இடத்தில் இருந்தால்தானே மாமா, மரம் எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும்" என்றாள். நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்த ஒரு வாக்கியத்திலேயே தொடங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது.

வன சாஸ்திரம் பிறந்ததே ஒரு கணக்கிலிருந்துதான். ஜெர்மனியில் சாக்சனி நாட்டு வெள்ளிச் சுரங்கங்களின் நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர், உலைகளுக்கு விறகு வெட்டி வெட்டி மலைகள் மொட்டையாகிவருவதைக் கண்டு கலங்கி, ஒரு காட்டில் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் வெட்டலாம் என்ற கருத்தை 1713இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். நம் ஊர் வியாபாரிகளின் பாஷையில் சொன்னால், காடு என்பது கைம்முதல். ஆண்டுதோறும் அதில் வளரும் மரம் வட்டி. வட்டியை எடுத்து உண்பவன் குடும்பம் தழைக்கும், முதலில் கைவைப்பவன் குடும்பம் தெருவில் நிற்கும். இது எவருக்கும் எளிதில் விளங்கும் உண்மைதான். ஆனால் நகைக்கடைக்காரர் தம் முதல் எவ்வளவு என்று பெட்டியைத் திறந்து எண்ணிவிடலாம். ஆயிரக்கணக்கான சதுர மைல் பரந்து கிடக்கும் காட்டின் முதல் எவ்வளவு, அதற்கு வட்டி எவ்வளவு என்று எண்ணிச் சொல்வது எப்படி என்பதே பெரிய வித்தையாகிவிட்டது.

அந்த வித்தையை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலார். 1856இல் பர்மாவின் பெகு பிரதேசத்துத் தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்றபோது, அங்கே எத்தனை தேக்கு நிற்கிறது என்று எவருக்கும் தெரியாது. கப்பல் கட்டுவோர் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் தெரியும். அடைமழையில் காகிதம் கரைந்துபோகும் அந்தக் காட்டில், பிராண்டிஸ் யானைமீது அமர்ந்து, இடக்கையில் நான்கு கழிகளையும் வலக்கையில் ஒரு பேனாக்கத்தியையும் வைத்துக்கொண்டு, தம் வழியின் இருபுறமும் 200 அடிக்குள் மூங்கில் புதர்களுக்கிடையே தேக்கு கண்ணில் படும்போதெல்லாம், அதன் பருமனுக்குரிய கழியில் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டே போனாராம். மாலையில் கழிகளிலுள்ள வெட்டுகளை எண்ணினால், 400 அடி அகலமும் அன்று கடந்த தூரத்தளவு நீளமும் கொண்ட ஒரு துண்டுக் காட்டின் கணக்குக் கிடைத்துவிடும். மலேரியாக் காய்ச்சலோடு பல மாதங்கள் இப்படி அலைந்து சேர்த்த கணக்கைக் கொண்டுதான், இன்னின்ன பருமனுள்ள மரங்களில் ஆண்டுக்கு இத்தனைக்குமேல் வெட்டலாகாது என்று அவர் விதி வகுத்தார். 1864இல் இந்திய வனங்கள் அனைத்துக்கும் முதல் தலைமை அதிகாரியாக அவரே நியமிக்கப்பட்டார். இன்று செயற்கைக்கோள் படங்களைக் கணினித் திரையில் விரித்துவைத்து மாணவர்கள் பயிலும் பாடத்துக்கும் அந்த நான்கு கழிகளுக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை என்பதை நினைக்கும்போது, ஒரு சாஸ்திரத்தின் தொடர்ச்சி எத்தகையது என்பது மனத்தில் ஆழப் பதிகிறது.

கணக்கு எழுதுவோரைப் பயிற்றுவிக்கப் பள்ளிகள் வேண்டும் அல்லவா? சாக்சனியில் தாராண்ட் என்னும் சிற்றூரில் 1811இல் ஹைன்ரிக் கொட்டா நிறுவிய வனப்பள்ளியும், பிரான்சில் நான்சி நகரில் 1824இல் தோன்றிய பள்ளியும் ஐரோப்பாவுக்கு வழிகாட்டின. நம் நாட்டில் 1878இல் டேராடூனில் வனப்பள்ளி எழுந்தது. அங்கேயே 1906இல் ஆராய்ச்சி நிலையமும் உருவாயிற்று. தென்னாட்டில் 1912இல் கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரி தொடங்கியது. கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் அங்கே 1902இல் அமைக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம். அந்தக் காலத்துப் பள்ளிகள் உத்தியோகத்துக்குத் தெரிந்தெடுத்த ஆட்களுக்குப் பயிற்சி தந்தன. பிளஸ் டூ முடித்த எந்த வீட்டுப் பிள்ளையும் பட்டத்துக்காகச் சென்று படிக்கும் வாய்ப்பு, மேட்டுப்பாளையம் போன்ற கல்லூரிகள் வந்த பின்புதான் உண்டாயிற்று.

"மரம் தானாக முளைக்கிறது" என்று என் நண்பர் சொன்னாரே, அதைக் கல்லூரி நாற்றங்காலில் நின்று நான் நினைத்துக்கொண்டேன். தேக்கின் காய் கொட்டைபோல் இறுகியது. அதை அப்படியே மண்ணில் போட்டால் முளைப்பது அரிது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்கு நட முயன்றபோது, விதை முளைக்கச் செய்யும் முயற்சிகள் திரும்பத் திரும்பத் தோற்றன. சாத்து மேனோன் என்ற மலையாளத்துக்காரரே அந்த வேலையைக் கைக்கொண்டு வெற்றி கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் லட்சக்கணக்கான தேக்குகளை நட்டுக் காட்டினார். உலகிலேயே பழமையான தேக்குத் தோட்டம் என்று இன்றும் யாத்திரிகர்கள் சென்று காண்பது அந்தத் தோட்டத்தின் எச்சத்தைத்தான். இரவெல்லாம் நீரில் ஊறவைத்து, பகலெல்லாம் வெயிலில் உலர்த்தி, இப்படி நாள்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்த தேக்குக் காய்கள் சாக்கின்மேல் பரப்பிக் கிடந்ததை அவள் எனக்குக் காட்டினாள்.

அதைவிட வியப்பளித்தது மலைவேம்பு. அதன் கொட்டையும் கல்போன்றது. ஆனால் ஆடு தின்று, இரவெல்லாம் அசைபோட்டுப் பட்டியில் துப்பிய கொட்டைகள் நன்றாக முளைப்பதை ஆடு மேய்ப்போர் நெடுங்காலமாக அறிவார்கள். ஆகவே விதை சேகரிப்போர் மரத்தடிக்குப் போவதோடு ஆட்டுப்பட்டிகளுக்கும் போகிறார்கள். ஆடு கிடைக்காத இடத்தில் சாணிக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். சந்தனமோ இன்னொரு வகை. நாற்றங்காலில் ஒவ்வொரு பையிலும் சந்தனக் கன்றுக்குப் பக்கத்தில் ஒரு துவரைச் செடி நின்றது. துவரையை எதற்காக வைத்தார்கள் என்று நான் கேட்குமுன்பே அவள் ஒரு பையைக் கிழித்து, மண்ணை நீரில் அலசி, சந்தனத்தின் மெல்லிய வேர் துவரை வேரைத் தொட்டு, தொட்ட இடத்தில் குண்டூசித் தலையளவு ஒரு முண்டாகப் பற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினாள். பச்சை இலையால் தானும் சமைத்துக்கொண்டு, அண்டை வேரிலிருந்தும் நீரும் உப்பும் இரந்து வாங்கும் மரம் அது. தனியே நட்ட சந்தனம் தவங்கிப்போவதற்குக் காரணம் தெரியாமல், எத்தனை பேர் தண்ணீரும் எருவும் கொட்டிப் பார்த்து ஏமாந்திருப்பார்கள்!

மரத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதும் இக்கல்வியின் ஒரு பகுதி. ஒரு மரத்துண்டின் குறுக்கு முகத்தைக் கூர்மையான பிளேடால் ஒரே இழுப்பில் சீவி, விரலால் சற்றே ஈரம் தடவி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிவைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். தேக்கில், ஒவ்வோர் ஆண்டு வளையமும் தொடங்கும் இடத்தில் பெரிய துளைகள் வரிசையாக நிற்கின்றன. மழை குறையக் குறையத் துளைகளும் சிறுத்துப்போய், அடுத்த மழையில் மறுபடியும் பெரிய வரிசை. தோல் பதனிட்ட வாசனை ஒன்றும் மூக்கில் பட்டது. அடுத்து ஈட்டி, அதன்பின் வேங்கை. ஊதாநிற ஈட்டியை ஆட்டோக்காரரும் அடையாளம் சொல்லிவிடுவார். ஆனால் சாயம் பூசி, ரம்பத்தால் அறுத்து, லாரியில் தார்ப்பாயின்கீழ் ஏற்றிய கட்டை எந்த மரத்தது என்று நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்ல வேண்டுமானால், இந்தத் துளைகளின் வரிசை ஒன்றே துணை. டேராடூனில் இதற்கென்றே ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைத் தொகுத்துவைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் மரத்தைப் பற்றிய பாடம். இத்தோடு நின்றிருந்தால், வனவியல் என்பது தச்சுக்கும் விவசாயத்துக்கும் நடுவே ஒரு சிறு துறையாகவே இருந்திருக்கும். ஆனால் மரத்தை மட்டும் வரவு வைத்து மற்றதையெல்லாம் விட்டுவிட்ட பேரேடு எத்தகைய கேட்டில் கொண்டுபோய் விடும் என்பதற்கு, கல்லூரி வாசலில் நின்றால் தெரியும் அந்த நீலகிரியே சாட்சி. இதைச் சற்று விரித்துச் சொல்ல எனக்கு விருப்பம், ஏனெனில் இக்கல்வியின் ஜீவநாடி இங்கேதான் இருக்கிறது.

நீலகிரியின் உச்சிகள் ஆதியில் புல்வெளிகள். மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் குள்ளமான, நெருக்கமான சோலைகள். உதகையில் குடியேறிய வெள்ளையர்களுக்குக் குளிர்காய விறகு வேண்டியிருந்தது. சோலைகளை வெட்டினார்கள், அவை மீண்டும் எளிதில் வளரவில்லை. 1843இல் ஆஸ்திரேலியத் தைலமரம் அங்கே வந்து சேர்ந்தது. அதையொட்டிய காலத்தில் நம் மலைமக்கள் சீகை என்று சொல்லும் வாட்டிலும் வந்தது. வேகமாக வளரும் மரங்களைக் கண்ட நிர்வாகிகளுக்கு மகிழ்ச்சி. சுதந்திரத்துக்குப் பின்னும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், செயற்கைப் பட்டு நூலுக்கு வேண்டிய கூழுக்காகவும், புல்வெளிகளின்மேல் பல்லாயிரம் ஏக்கரில் இவை நடப்பட்டன. நட்டவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர், உழைப்பாளிகள், கற்றவர்கள். ஆனால் அவர்கள் பேரேட்டில் மரமில்லாத நிலத்துக்குத் தரிசு என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அந்தத் 'தரிசு'தான் பருவமழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்துக் கோடையிலும் ஓடைகளுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது; 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய பைக்காராவுக்கும், கீழே பவானிக்கும் அதுவே ஊற்று. வரையாட்டுக்கு மேய்ச்சல் அதில்தான். தோடர்களின் எருமைக்கு மேய்ச்சலும், அவர்கள் தம் கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் அதில்தான். மரம் நடுவது புண்ணியம் என்று கேட்டே வளர்ந்த நமக்கு, மரம் நட்டதே பிழையாகிப்போன இடமும் உண்டு என்பதை ஏற்றுக்கொள்வது கடினம். எனக்கும் கடினமாகவே இருந்தது.

இன்று அந்தச் சீகையை வெட்டிவிட்டால் புல்வெளி திரும்பி வந்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். வெட்டவெளியில் வெயில் பட்டால், அல்லது தீ பரவினால், ஒரு மரம் நின்ற இடத்தில் நூறு கன்றுகள் எழும். அடிவாரத்தில் உண்ணிச்செடியும் அப்படித்தான். அழகான பூவுக்காகக் கொண்டுவந்தது, இப்போது மானும் யானையும் மேயும் இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. எந்த மரத்தை எப்போது அகற்றுவது, எத்தனை ஆண்டு தொடர்ந்து நாற்றுப் பிடுங்குவது, எந்தப் புல்லின் வேரைக் கொண்டுவந்து நடுவது என்பவை இப்போது ஆராய்ச்சிக்கும் பாடத்துக்கும் உரிய பொருள்கள். தமிழ்நாட்டு அரசு 2022இல் அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. பாட்டனார் நட்டதைப் பேத்தி பிடுங்கக் கற்கும் இந்தக் கல்வியில் ஒருவகை நேர்மை இருக்கிறது. தன் பிழையைத் தன் பேரேட்டிலேயே எழுதிவைக்கும் சாஸ்திரத்தை நான் மதிக்கிறேன்.

பேரேட்டில் விட்டுப்போன இன்னொரு கணக்கு மனிதருடையது. 1878ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டமும், 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டமும் காடுகளுக்கு எல்லைக்கல் நட்டபோது, அந்தக் கல்லுக்கு உள்ளே தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுத்தும், கடுக்காயும் நெல்லியும் பொறுக்கியும், மேட்டுநிலத்தில் ராகி விதைத்தும் வாழ்ந்த மக்கள், தங்கள் வீட்டிலேயே அத்துமீறி நுழைந்தவர்களாகக் கருதப்படும் நிலை வந்தது. காட்டின் மீது அவர்களுக்குள்ள உரிமையைச் சட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பழைய சட்டங்களையும் இந்தப் புதிய சட்டத்தையும் ஒரே பருவத்தில் படிக்கும் மாணவருக்கு, ஓர் இருளர் பெரியவரைக் காட்டில் எதிர்ப்பட்டால் "எங்கே போகிறாய்?" என்று கேட்பதா, "எங்கே ஐயா, தேனுக்கா?" என்று கேட்பதா என்பதும் ஒரு பாடம்தான். பழைய பாடத்திட்டத்தில் 'வனவியல்' என்று மட்டும் இருந்தது, இப்போது நீர், மண், புல், வனவிலங்கு, சிறுவன மகசூல், அதைச் சேகரிக்கும் மக்கள் ஆகிய அனைத்தையும் சேர்த்து 'இயற்கை வள மேலாண்மை' என்று விரிந்திருப்பதன் தாத்பரியம் இதுவே.

விலங்கைக் கணக்கெடுப்பதும் ஒரு தனிக் கலை. யானை மறைந்து நிற்கும். ஆனால் லத்தி மறையாது. ஒரு யானை நாளொன்றுக்குச் சுமார் 16 முறை லத்தியிடும் என்பது முதுமலையில் கண்ட கணக்கு. காட்டின் குறுக்கே நேர்கோடு பிடித்து நடந்து, இருபுறமும் கிடக்கும் லத்திக் குவியல்களை எண்ணி, ஒரு குவியல் மட்கிப்போக எத்தனை நாள் ஆகும் என்பதையும் அறிந்துவிட்டால், யானையைக் காணாமலே யானையின் தொகையை மதிப்பிடலாம். அவள் ஒரு குவியலருகே குனிந்து, மேலே வண்டு துளைத்திருக்கிறதா, ஓரம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டபோது, பிராண்டிஸின் நான்கு கழிகள் என் நினைவுக்கு வந்தன.

1988ஆம் ஆண்டுத் தேசிய வனக் கொள்கை, ஆலைகளுக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டிலிருந்து எடுக்காமல், உழவர்களிடம் வளர்த்து வாங்க வேண்டும் என்று சொன்னது. அதன் பலனாக வனக் கல்லூரிப் பட்டதாரி காட்டைவிட்டு வயலுக்கும் வரவேண்டியதாயிற்று. சவுக்கும் மலைவேம்பும் பயிரிடும் உழவர்களுக்கும் காகித ஆலை, பிளைவுட் ஆலைகளுக்கும் இடையே ஒப்பந்த முறையை ஏற்படுத்துவதில் மேட்டுப்பாளையத்தார் முன்னின்று உழைத்திருக்கிறார்கள். வயலில் ஒரு லோடு சவுக்கு விளைந்தால் மலையில் அவ்வளவு மரம் பிழைக்கிறது. பர்மாவில் மலைமக்கள் நெல்லுக்கு நடுவே தேக்கு நட்ட 'தவுங்கியா' முறையை முன்னோடியாகச் சொல்லி இப்பாடம் தொடங்குகிறது. 2014இல் வேளாண் காடுகளுக்கென்றே ஒரு தேசியக் கொள்கையும் வந்துவிட்டது.

இனி, தகப்பன்மார் எல்லோரும் கேட்கும் கேள்வி: படித்து முடித்தால் என்ன உத்தியோகம்? மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்திய வனப் பணித் தேர்வு இருக்கிறது. அதற்கு மற்ற விஞ்ஞானப் பட்டதாரிகளும் போட்டியிடலாம் என்பதால், நான்கு ஆண்டுகள் காட்டிலேயே பழகியவருக்கு அதில் தனிச் சலுகை இல்லாதது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. மாநில வனத்துறை, ஆராய்ச்சி நிலையங்கள், காகித ஆலைகளின் தோட்டப் பிரிவு, வங்கிகளின் விவசாய அதிகாரிப் பணி, தன்னார்வ ஸ்தாபனங்கள் என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் மருத்துவப் பட்டம்போல் வாசலில் வந்து அழைக்கும் வேலை இது அன்று. தேடிப் போக வேண்டும், காத்திருக்க வேண்டும். இதை மறைத்துச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். பெண் பிள்ளை காட்டில் எப்படி வேலை பார்ப்பாள் என்று என் நண்பர் தயங்கியதற்கும் விடை உண்டு: 1980இலேயே இந்திய வனப் பணியில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள், இன்று வனக்காப்பாளர்களாகச் சீருடை அணிந்து ரோந்து போகும் பெண்கள் நம் சரகங்களில் இருக்கிறார்கள்.

இறுதி ஆண்டில் மாணவர்கள் சில மாதங்கள் ஒரு வனச்சரகத்தில் தங்கி வேலை பழக வேண்டும். அங்கே ரேஞ்சர், வனவர், கார்டு, வேட்டைத் தடுப்புக் காவலர் ஆகிய எல்லோரும் ஆசிரியர்களே. மாசி பிறக்குமுன் தீத்தடுப்புக் கோடு செதுக்கும் வேலையில் அவளும் மண்வெட்டி பிடித்தாளாம். எழுதப் படிக்க அதிகம் தெரியாத ஒரு காவலர், காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் காய்ந்த புல்லின் சாய்வைப் பார்த்தே சொன்னதை அவள் தன் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்திருந்தாள். அந்தக் குறிப்பேட்டை நான் புரட்டிப் பார்த்தேன்: ஓடையில் நீரோடும் வேகம், கண்ட பறவைகள், ஒரு கிராமத்தில் எத்தனை வீடுகளில் விறகு அடுப்பு, எத்தனை வீடுகளில் கேஸ், சென்ற வாரம் வாழைத்தோட்டத்தில் யானை புகுந்த தேதி, தோட்டக்காரர் சொன்ன நஷ்டக் கணக்கு, அவர் அழுதார் என்ற ஒரு வரி.

பொழுது சாயும் நேரத்தில், ஆராய்ச்சிக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய ஒரு பாத்தியில் கடைசி வேலையாக ஒரு தேக்கை அளந்தாள். மரத்தைச் சுற்றி மார்பளவில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வளையம். அதற்கு மேலே தகரத்தில் ஓர் எண். முந்தைய வகுப்பினர் இட்ட வளையம் மழையில் மங்கிப் பட்டையோடு உரிந்திருந்தது. அவள் தரையிலிருந்து கோலை நிறுத்தி 1.37 மீட்டர் உயரத்தைச் சரிபார்த்து, நாடாவைப் பழைய கோட்டின்மேலேயே இறுக்கிச் சுற்றி, அளவை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொண்டாள். பிறகு சின்ன டப்பாவைத் திறந்து, மங்கிய வளையத்தின்மேல் புதிய பெயிண்டைத் தடவினாள். "இது காய்வதற்குள் தொட்டுவிடாதீர்கள் மாமா" என்று சொல்லிவிட்டு, அடுத்த மரத்தின் எண்ணைத் தேடி நடந்தாள்.